புது ஆடு வந்தால் முப்பது நாள் தனியாக

பிக்கப்பின் பின்கதவைத் திறந்து புது ஆட்டை இறக்கியதும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஆசைதான். நேரே கொட்டாய்க்கு ஓட்டிப்போய் மற்ற ஆடுகளோடு விட்டுவிட்டு, என்ன செய்கிறது என்று வேலியோரம் நின்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் அதற்குள் பெயரே வைத்திருப்பார்கள். அந்த ஆசையை முப்பது நாள் தள்ளிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆடு வளர்ப்பில் எனக்குத் தெரிந்த வேறு எந்த வேலையும் இவ்வளவு குறைந்த செலவில் இத்தனை உயிரைக் காப்பாற்றியதில்லை.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து லயத்து வீடுகள் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் வந்தன, ஆடு மட்டும் கூடவே வந்துவிட்டது. முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்டது ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பிள்ளையின் படிப்புச் செலவுக்கு விற்க இரண்டு என்று இன்னமும் சில வீடுகளின் பின்புறத்தில் பத்துப் பதினைந்து ஆடு நிற்கிறது. இப்படிச் சின்ன அளவில் குட்டி எடுத்து வளர்ப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெரிய பண்ணைக்காரர்களிடம் மருத்துவரும் தனிக் கொட்டாயும் இருக்கும். நம்மிடம் இருப்பது கண்ணும் கையும்தான்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. அப்போது என்னிடம் பதினொரு ஆடு, எல்லாம் கச்சாங் என்கிற உள்ளூர்ச் சிறிய இனத்தின் கலப்பு. ஒரு வியாபாரியிடம் ஜம்னாபாரி என்கிற இந்திய இனத்தின் கலப்பில் ஒரு பொட்டை வாங்கினேன். தொங்கு காது, பளபளவென்று மயிர், பார்க்கவே அழகு. "பூச்சி மருந்தெல்லாம் கொடுத்தாச்சு" என்றார். அன்று சாயங்காலமே மந்தையில் விட்டேன். ஒரு மாதம் வரை ஒன்றுமில்லை. ஆறாவது வாரம் ஒரு காலையில், மற்றவை எல்லாம் இறங்கிப் போன பிறகும் என் பழைய ஆடு ஒன்று பரணிலேயே படுத்திருந்தது. தாடைக்குக் கீழே நீர் கோத்துச் சின்னப் பை மாதிரி தொங்கியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, பெருவிரலால் அதன் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லையேம்மா இதுக்கு. வெள்ளத்துணி மாதிரி இருக்கு பாரு."

குனிந்து பார்த்தேன். செம்பருத்தி நிறத்தில் இருக்க வேண்டிய இமைச்சதை சோற்று வெள்ளையாக இருந்தது. கடையில் வாங்கிய பூச்சி மருந்தை ஊற்றினேன், கேட்கவில்லை. அந்த மாதத்திலேயே இரண்டு செத்தன, அதில் ஒன்று சினை. புதிதாக வந்த ஆடோ தெம்பாக மேய்ந்துகொண்டிருந்தது. அதனால் வெகு நாள் வரை இரண்டையும் நான் முடிச்சுப் போட்டே பார்க்கவில்லை.

எப்படி நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. ஒரு மந்தை ஓரிடத்தில் சில வருடம் இருந்தால், அந்த மண்ணில் இருக்கிற புழுவுக்கும் கிருமிக்கும் அது பழகிப் போகும். கொஞ்சம் புழு வயிற்றில் இருக்கும், கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஓடும். வெளியிலிருந்து ஓர் ஆடு வரும்போது அது நின்ற கொட்டாயின் மண்ணும் சாணமும் சீக்கும் அதற்குள்ளேயே ஏறி வருகின்றன. அந்த ஆட்டுக்கு அவையெல்லாம் பழகியவை, அதனால் அது தெம்பாக இருக்கிறது. நம் ஆட்டுக்குப் புதியவை. இது இருபக்கமும் நடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நம் மந்தைக்குப் பழகிப்போன ஒன்று வந்த ஆட்டைப் படுக்கப் போட்டுவிடலாம். அதுவும் லோரியில் வந்த களைப்பு, இடம் மாறிய பயம், தீனி மாறிய குழப்பம் எல்லாம் சேர்ந்து அதன் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிற நேரம். வந்த ஒரு வாரத்துக்குள் மூக்கொழுகி, இருமி, நெஞ்சுச்சளியில் ஆடு சாவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

என் ஆடுகளைக் கொன்றது ஹீமாங்கஸ் என்கிற ரத்தம் குடிக்கும் புழு. ஆட்டின் நாலாவது இரைப்பையில் வாழ்வது. ஓர் அங்குலம் வரை வளரும் பெண் புழுவின் உடம்பில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் மாதிரி ஓடும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். முட்டை சாணத்தோடு விழுந்து, நம் ஊர் வெயிலும் மழையும் கலந்த சூட்டில் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப்புழுவாகிப் பனி ஈரத்தில் புல்லில் ஏறும். ஆடு அதைத் தின்று ஏறக்குறைய மூன்று வாரத்தில் அது முட்டையிடும் புழுவாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வாரமும் மூன்று வாரமும் நாலு, புழு பெருகி ரத்தம் குறைய இன்னும் இரண்டு. என் ஆடு ஆறாவது வாரம் படுத்தது இப்படித்தான். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். கேட்கச் சொற்பம். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றே முக்கால் லிட்டருக்குள்தான்.

சரி, மருந்து ஏன் கேட்கவில்லை? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிற இடத்தில் அந்த மருந்துக்குச் சாகிற புழுவெல்லாம் செத்து, சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும். "மருந்து கொடுத்தாச்சு" என்று சொல்லி விற்ற ஆட்டின் வயிற்றில் இருந்தவை மிஞ்சியவைதான். நான் அந்தப் புழுவைக் காசு கொடுத்து வாங்கி வந்து என் புல்லில் விதைத்துவிட்டேன்.

அப்படியானால் புது ஆடே வாங்காமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் முடியாது. பத்து ஆடு உள்ள மந்தையில் கிடா ஒன்றுதான் இருக்கும். அவ்வருடம் பிறக்கிற எல்லாக் குட்டிக்கும் அதுவே அப்பன். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள், பொட்டைக் குட்டி ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஆக, ஒரு கிடா வந்து ஒரு வருடத்துக்குள் அதன் மகள்களே அதனிடம் வந்து நிற்கும். அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியின் உள்ளினக் கலப்பு 25 விழுக்காடு. அப்பன் மட்டும் பொதுவான அண்ணன் தங்கைக்குப் பிறந்தால் 12.5 விழுக்காடு. இதன் பொருள் எளிது: தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே குறை வந்து சேரும் வாய்ப்பு அவ்வளவு கூடுகிறது. குட்டி சிறுத்துப் பிறக்கும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது, தாடை கோணும், சில பொட்டை சினையே பிடிக்காது. ஒரே நாளில் தெரியாது, மூன்று நாலு வருடத்தில் "என்னமோ நம்ம ஆடு முன்ன மாதிரி இல்ல" என்று பேச வைக்கும்.

அதனால் புது ரத்தம் கட்டாயம் வேண்டும். எந்த வழியாகக் கொண்டுவருவது என்பதில்தான் யோசனை. பொட்டை ஒன்று வாங்கினால் அதன் குட்டிகள் மட்டும் மாறும். கிடா ஒன்றை மாற்றினால் அடுத்த ஈற்றில் பிறக்கும் எல்லாக் குட்டியிலும் பாதி மாறிவிடும். சின்ன மந்தைக்குக் கிடாவை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் பாருங்கள்: கச்சாங் பொட்டை உருவில் சிறியது, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த போயர் இனக் கிடா நல்ல வளர்த்தியில் அதைப்போல் நாலு மடங்கு எடை இருக்கும். முதல் ஈற்றுக் கச்சாங்குக்குப் பெரிய போயர் கிடாவை விட்டால் குட்டி பெருத்துப் பிரசவத்தில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் போயர் கலப்புச் சின்னக் கிடா போதும்.

வாங்கப் போகிற இடத்தில் ஆட்டைப் பார்ப்பதற்கு முன் மந்தையைப் பாருங்கள். விற்கிற ஆடு குளிப்பாட்டி நிற்கும், மூலையில் நிற்கிற ஆடுதான் உண்மையைச் சொல்லும். ஒன்றிரண்டு இருமுகிறதா, பின்புறம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, முன்னங்கால் முட்டி வீங்கிய ஆடு இருக்கிறதா, வாயோரத்தில் பொருக்குப் புண் உண்டா என்று பாருங்கள். தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் வியாபாரிகளிடம் பத்து இடத்து ஆடு ஒன்றாக அடைபட்டு நிற்கும். வெட்டுக்கு வாங்குவது வேறு, இனப்பெருக்கத்துக்கு அந்த நேரத்தில் அங்கே வாங்காதீர்கள். வளர்த்தவர் வீட்டிலேயே போய் வாங்குவது கொஞ்சம் விலை கூடினாலும் மேல். வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவருவதானால் கால்நடை இலாகாவின் அனுமதி வேண்டும், அதை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பிறகு ஆட்டைத் தொட்டுப் பாருங்கள். வயதைப் பல் சொல்லும். கீழ்த்தாடை முன்பல் எட்டும் பால்பல்லாக இருந்தால் ஒரு வயது தாண்டவில்லை, நடுவில் இரண்டு பெரிய பல் போட்டிருந்தால் ஒன்று ஒன்றரை, நாலு என்றால் ஏறக்குறைய இரண்டு. கிடாவுக்கு விதை இரண்டும் சம அளவில், உருண்டு, கெட்டியாக இருக்க வேண்டும். பொட்டைக்கு மடி மெத்தென்று, கட்டி இல்லாமல், காம்பு இரண்டும் திறந்திருக்க வேண்டும். இமையை இழுத்துப் பாருங்கள். கடைசியாக, கையால் காதுக்குக் கீழிருந்து தாடை, தோள் முன்புறம், பின்தொடை முன்புறம் என்று ஒரு தடவு தடவுங்கள். நெல்லிக்காய் அளவில் உருண்டையாக ஏதாவது தட்டினால், விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். நிணக்கட்டிச் சீழ் நோயாக இருக்கலாம். உடைந்தால் பற்பசை மாதிரி கெட்டிச் சீழ் வரும், அந்தக் கிருமி மண்ணிலும் மரச்சட்டத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒருமுறை கொட்டாய்க்குள் வந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு.

ரத்தச் சோதனை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புருசெல்லா என்கிற கிருமி ஆட்டில் சினை கலைய வைக்கும், பாலில் இறங்கும், காய்ச்சாத பால் வழியாக நமக்கும் விட்டு விட்டு வருகிற காய்ச்சலாக வரும். பினாங்கில் பச்சை ஆட்டுப்பால் குடித்தவர்களுக்கு இந்த நோய் பரவியது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பால் குடிக்கிற வீடு என்றால், கிடா வாங்குகிற வீடு என்றால், சோதனை இல்லாமல் சேர்க்காதீர்கள். எங்கள் பக்கத்துக்குக் கோலாகங்சார் மாவட்டக் கால்நடை அலுவலகம். ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகமே இருக்கிறது. ரத்தம் யார் எடுப்பது, எங்கே அனுப்புவது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இனி அந்த முப்பது நாள். பழைய கொட்டாயிலிருந்து முப்பது அடிக்காவது தள்ளி, மழைத்தண்ணீர் புதிய இடத்திலிருந்து பழைய பக்கம் ஓடாதபடி ஓரிடம் பாருங்கள். பழைய பலகைப் பரணும் மேலே நாலு தகரமும் போதும். தரையில் கட்டாமல் பரணில் விடுவது முக்கியம், சாணம் கீழே விழுந்துவிடும், ஆடு அதன்மேல் மேயாது. வாளி, கயிறு, தீனித்தொட்டி எல்லாம் தனி. பழைய ஆட்டுக்கு முதலில் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகப் புது ஆட்டிடம் போங்கள், திரும்பி வந்து கைகால் கழுவாமல் பழைய கொட்டாய்க்குள் போகாதீர்கள். நான் புது ஆட்டுக்கென்று ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை அங்கேயே ஒரு கம்பில் கவிழ்த்து வைத்திருப்பேன். ஆடு தனியாக நின்றால் கத்திக் கத்தித் தீனி எடுக்காமல் வாடும். ஒரே இடத்திலிருந்து இரண்டாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, பிறகு மந்தையில் சேர்க்கும்போதும் ஒன்றுக்கொன்று துணை.

முதல் நாள் தழையும் தண்ணீரும் மட்டும். பலாத்தழை, நேப்பியர் புல், கொஞ்சம் இப்பில் இப்பில் (சவுண்டல் தழை) இருந்தால் நல்லது. செம்பனைக் கெர்னல் (விதைப்பருப்பு) பிண்ணாக்கு நம் ஊரில் மலிவாகக் கிடைப்பதால் பலரும் வந்த அன்றே ஒரு சட்டி வைத்துவிடுகிறார்கள். ஆட்டின் பெரிய இரைப்பையில் தீனியைச் செரிக்க வைப்பது அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான். புதுத் தீனிக்கு அவை மாற இரண்டு வாரமாவது ஆகும். திடீரென்று மாற்றினால் வயிறு உப்பும், கழியும். விற்றவரிடமே பழைய தீனி ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்து, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். செம்மறியும் கூட வைத்திருந்தால் இந்தப் பிண்ணாக்கை அதற்கு நிறையக் கொடுக்காதீர்கள், இதில் இருக்கும் செம்புச் சத்து செம்மறியின் ஈரலில் சேர்ந்து கொல்லும். வெள்ளாடு அதைவிடத் தாங்கும். புல் அறுக்கப் போகிற இடத்தில் தோட்டத்துக்காரர்கள் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று கேட்காமல் ஒரு கட்டுக்கூட அறுக்காதீர்கள்.

புழுவுக்கு முதல் நாளிலேயே மருந்து. ஆனால் முன்னே சொன்ன காரணத்தால் ஒரே மருந்து போதாது. வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு மருந்தை ஒரே நாளில், எடை பார்த்து, மருத்துவர் சொல்கிற அளவில் கொடுக்க வேண்டும். செம்மறிக்குப் போட்டிருக்கிற அளவு வெள்ளாட்டுக்குப் பத்தாது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். குறைந்த அளவு கொடுப்பதுதான் மசியாத புழுவை வளர்க்கிற வழி. எடையைக் கண்மதிப்பில் சொல்லாமல் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். சினை பிடித்த முதல் மாதத்தில் இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அல்பெண்டசோல் வேண்டாம். மருந்து கொடுத்த முதல் மூன்று நாள் விழுகிற சாணத்தை அள்ளி, ஆடு மேயாத இடத்தில் குழியில் போடுங்கள். பத்திலிருந்து பதினாலு நாள் கழித்துப் புதுச் சாணம் கொஞ்சம் பிளாஸ்டிக் பையில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே முட்டை எண்ணிப் பார்க்கக் கொடுங்கள். முட்டை இன்னும் நிறைய இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை, ஆடு தனியாகவே நிற்கட்டும்.

இமை பார்ப்பதற்கு ஃபமாச்சா என்று ஓர் அட்டை உண்டு, தென்னாப்பிரிக்காவில் உருவானது. நல்ல சிவப்பு ஒன்று, வெள்ளை ஐந்து என்று ஐந்து நிறம் அச்சிட்டிருக்கும், இமையோடு வைத்துப் பார்க்கலாம். நாலு, ஐந்து என்றால் உடனே மருந்து. மூன்றில் வெள்ளாடாக இருந்தால் நான் காத்திருப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டார்ச் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். எங்கள் பெரியம்மாவுக்கு அட்டை இல்லை, ஆனால் அவர் பார்த்ததும் இதைத்தான்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அசை போடுகிறதா, சாணம் உருண்டையாக விழுகிறதா, நொண்டுகிறதா. வெள்ளாட்டில் கோமாரி மாட்டில் வருவது போல் எச்சில் ஒழுகிப் பெரிதாகத் தெரியாது. லேசாக நொண்டும், இரண்டு நாள் தீனி எடுக்காது, அவ்வளவுதான். அதனால் நொண்டலைக் குளம்பு தேய்ந்தது என்று விட்டுவிடாமல் வாயையும் குளம்பிடுக்கையும் திறந்து பாருங்கள். கொப்புளம் இருந்தால் இலாகாவுக்குச் சொல்ல வேண்டியது கட்டாயம். வாயோரப் பொருக்குப் புண் வந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அந்த நச்சுயிரி நம் விரலிலும் ஏறும். கோமாரி, வாய்ப்புண், சளி எல்லாம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வெளியே வந்துவிடும். புழுவின் கணக்கு மூன்று வாரம். முப்பது என்கிற எண் இதிலிருந்துதான் வந்தது. சீழ்க்கட்டி மட்டும் அதற்கும் மேலே மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், சேர்த்த பிறகும் மூன்று மாதம் கைதடவிப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

முப்பது நாள் முடிந்து எல்லாம் சரி என்றால், நேரே கலக்காமல் மூன்று நாலு நாள் கம்பிவேலிக்கு இரு பக்கமும் விடுங்கள். மூக்கோடு மூக்கு முகர்ந்துகொள்ளும். பிறகு ஒரு காலை, பனி காய்ந்தபின், திறந்த வெளியில் சேருங்கள். அடைத்த கொட்டாயில் ஒருபோதும் வேண்டாம், முட்டு வாங்குகிற ஆட்டுக்கு ஓட இடம் வேண்டும். முட்டத்தான் முட்டும். ஒவ்வொரு மந்தையிலும் யார் முதலில் தின்பது என்று ஒரு வரிசை இருக்கும், புதிதாக வந்தது அதில் எங்கே நிற்கும் என்று அவையே தீர்க்க வேண்டும்.

எங்களிடம் கருவாச்சி என்றொரு கிழட்டு ஆடு இருந்தது. புதிய இரண்டையும் விட்ட அன்று அது பின்னங்காலில் எழுந்து, தலையைச் சாய்த்து, மேலிருந்து இறங்கி ஒரே முட்டு. கொம்பு மோதிய சத்தம் வீட்டுக்குள் கேட்டது. முட்டு வாங்கிய புது ஆடு விலகி ஒதுங்கிப் போனது. ஓடவும் இல்லை, திருப்பி முட்டவும் இல்லை. அரை மணியில் கருவாச்சி தன் பாட்டுக்கு மேயப் போய்விட்டது. ரத்தம் வந்தால், அல்லது ஒன்றையே விடாமல் துரத்திக் கீழே தள்ளினால் பிரியுங்கள், மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஈற்றுக்கு ஒரு மாதம் இருக்கிற சினையாடு மந்தையில் இருந்தால் அது ஈன்று முடியும் வரை சேர்க்கவே வேண்டாம், வயிற்றில் ஒரு முட்டு போதும் குட்டி கலைய. கொம்பில்லாத ஆட்டைக் கொம்புள்ளவற்றோடு சேர்க்கும்போதும் கூடுதல் கவனம்.

சண்டை உண்மையில் தீனித்தொட்டியில்தான் நீளும். ஒரு ஆட்டுக்கு ஒன்றரை அடி இடம் என்று கணக்கு வைத்து, தொட்டியை இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். பெரிய ஆடு ஒரே நேரத்தில் இரண்டு தொட்டியைக் காக்க முடியாது. புது ஆடு ஒரு வாரத்தில் மெலிந்தால் அது நோயாக இருக்க வேண்டியதில்லை, மற்ற ஆடுகள் தின்ன விடாமல் துரத்தியிருக்கும். இரவு பரணில் அது தனியே மூலையில் நிற்காமல் இன்னொரு ஆட்டின் முதுகில் சாய்ந்து படுத்து அசை போடுகிற நாளில் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பெரும்பாலும் பத்து நாள் ஆகும்.

கிடா என்றால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. சேர்த்த நாளையும், எந்தப் பொட்டையை எப்போது ஏறியது என்பதையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பொட்டையின் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும். ஏறி மூன்று வாரத்தில் அதே பொட்டை மறுபடியும் வாலாட்டிக் கத்தினால் சினை பிடிக்கவில்லை. ஒன்றிரண்டு என்றால் பொட்டையில் குறை இருக்கலாம், எல்லாமே திரும்பினால் கிடாவைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாலாவது மாதத்தில் கிடாக் குட்டிகளைப் பிரித்துவிடுங்கள், அவை தாயையே ஏறும் வயது அது.

காலியான தனிக்கொட்டாயை மறந்துவிடாதீர்கள். சாணத்தை அள்ளி, பலகையைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மேலே இருக்கிற தகரத்தில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டு வெயில் உள்ளே விழும்படி சில வாரம் சும்மா போடுங்கள். அடுத்த ஆடு வரும்போது அது தயாராக இருக்க வேண்டும்.